காயலில் இறங்கிய குதிரைகள் எதன்மேல் படுத்தன?

அரபு மொழியில் குதிரையைக் குறிக்கும் 'ஃபரஸ்' என்னும் சொல்லுக்கும், விரிப்பைக் குறிக்கும் 'ஃபர்ஷ்' என்னும் சொல்லுக்கும் எழுத்தளவில் உள்ள வேற்றுமை மூன்றே மூன்று புள்ளிகள்தாம். ஸீன் என்னும் எழுத்தின் தலையில் மூன்று புள்ளிகளை வைத்தால் அது ஷீன் ஆகிவிடும். மதரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் கைமறதியாகப் புள்ளியிட்டுக் குதிரையைப் பாயாக்கி விடுவதையும், புள்ளியை விட்டுவிட்டுப் பாயைக் குதிரையாக்கி விடுவதையும் பல ஆண்டுகளாகக் கண்டு நகைத்து வருகிறேன். வேர்ச்சொல் அளவில் இவ்விரண்டுக்கும் உறவில்லை. ஆனால் குதிரை வளர்ப்போரின் உலகில் இவை பிரிந்திருந்ததே இல்லை. கட்டுத்தறி எங்குண்டோ அங்கே அதனடியில் ஒரு விரிப்பும் உண்டு.

பழந்தமிழகத்துக் குதிரை வாணிகத்தைப் பற்றி நம்மவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரனைக் குறிப்பது என்றும், மரைக்காயர் என்னும் சொல்லுக்கு மரக்கலத்தோடு தொடர்புண்டு என்றும் நாம் பெருமையோடு எடுத்துரைத்து வருகிறோம். எத்தனை குதிரைகள் வந்தன, எவ்வளவு பொன் கைமாறியது என்றெல்லாம் கணக்கிட்டிருக்கிறோம். ஆனால் காயல் துறையில் இறங்கிய குதிரை அன்றிரவு எதன்மேல் படுத்தது என்று நாம் கேட்டதில்லை. கேள்வி சிறியதுதான். எனினும் அதனைப் பின்தொடர்ந்து சென்றால், நம் பெருமைக்கு அவ்வளவாக உகவாத ஓரிடத்தில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகத்துக்கு இரண்டு சான்றுகள் தலையானவை. ஒன்று, ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பார்ஸி மொழியில் எழுதி, 1312இல் மங்கோலிய வேந்தர் உல்ஜாய்துவின் அவையில் அளித்த 'தஜ்ஸியதுல் அம்ஸார்'. மற்றொன்று, ஏறத்தாழ 1292இல் இக்கரையோரமாகச் சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவின் பயண நூல். வஸ்ஸாஃப் நம் நாட்டை நேரில் கண்டவர் அல்லர். பார்ஸ் மாகாணத்தின் வருவாய்த் துறையில் இருந்தவராதலால், அந்நாட்டு வணிகர்களின் கணக்குவழக்கு அவருக்கு அத்துபடி. போலோவோ கரையைக் கண்டவர். கணக்கைச் செவிவழியாகக் கேட்டவர். ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்திருந்தமையால், இருவரும் ஒன்றுபடும் இடம் நம் கவனத்துக்குரியது.

அக்காலத்தில் கைஸ் தீவை ஆண்டவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ. அவருடைய சகோதரர் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராயிருந்து, காயல் உள்ளிட்ட துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். குதிரை அனுப்புபவரும், துறையில் அதனைப் பெற்றுக்கொள்பவரும் ஒரு தாய் மக்கள். ஆண்டுதோறும் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ அனுப்புவது. கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய துறைகளிலிருந்தும் இயன்ற அளவு வருவிப்பது. குதிரை ஒன்றின் விலை செம்பொன் தீனார் 220. கடலில் ஒரு குதிரை நோயுற்றாலோ மடிந்தாலோ அதன் விலையையும் அரச கருவூலமே கொடுத்துவிடுவது. இதுவே வஸ்ஸாஃப் தரும் ஒப்பந்தம். அத்தாபக் அபூபக்ரின் காலத்தில் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் மஅபர் முதலிய நாடுகளுக்குச் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தீனாரை எட்டிற்று என்றும் அவர் எழுதுகிறார். மஅபர் என்பது நம் கிழக்குக் கரைக்கு அரபிகள் இட்ட பெயர் என்பதை வாசகர்கள் அறிவர். பதினாயிரம் என்னும் எண்ணில் கூட்டிச் சொல்லும் வழக்கம் கலந்திருக்கலாம். அதில் பாதி என்று கொண்டாலும் பெருந்தொகையே.

இத்தனை குதிரைகள் ஆண்டுதோறும் எதற்கு? இந்த இடத்தில்தான் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். வந்த குதிரைகள் மாண்டுபோயின. அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது போலோவின் கூற்று. வஸ்ஸாஃப் சற்று விரித்துரைக்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் கொடுக்கிறார்கள். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள். கொழுக்கட்டும் என்று கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் நாற்பது நாள் பிணித்து வைக்கிறார்கள். பின்னர்ப் பழக்காமலே அவிழ்த்து, பேய் பிடித்தவர்களைப் போல ஏறி ஓட்டுகிறார்கள். சின்னாளில் அவை ஒன்றுக்கும் உதவாமற் போகின்றன. போலோவின் நூலில் உணவு வேறாகிறது. சோற்றோடு சமைத்த இறைச்சி என்கிறார் அவர்.

தீனியைச் சொன்னார்கள், கயிற்றைச் சொன்னார்கள், ஓட்டியவனையும் சொன்னார்கள். அந்த நாற்பது நாளும் குதிரை நின்ற தரையைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தரையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, நூல் எதனையும் கல்லாத ஒருவரிடம் நான் கேட்ட பாடத்தைச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில், மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவனாக இருந்தேன். எங்கள் ஊர் ரயிலடியில் அப்போதும் நான்கைந்து ஜட்கா வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்களில் முதியவர் ஒருவரின் கொட்டகை மதரஸாவின் பின்சுவரை ஒட்டியிருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் அங்கே போய் நிற்பது என் வழக்கம். குதிரை கட்டும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஆற்று மணல் கொட்டியிருப்பார். இரவில் அதன்மேல் கொஞ்சம் வைக்கோலை உதறுவார். விடிந்ததும் வைக்கோலை வாரிச் சுவரின்மேல் காயப் போட்டுவிட்டு, நனைந்த மணலை மட்டும் கூடையில் அள்ளி வெளியே கொட்டுவார். மழைக்காலத்தில் மணல் காயாது. அப்போது உடைந்த வண்டியின் பலகைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, கீழே ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுவார்.

"ஏன் மாமா, வைக்கோலை நிறையப் போட்டால் அதற்கு மெத்தென்று இருக்குமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறையப் போட்டா அது படுக்காது தம்பி, திங்கும். ராத்திரியெல்லாம் தின்னுட்டு விடியக்காலம் வயித்துவலியிலே உருளும். நீ இப்படி வா. அது படுத்து எழுந்த இடத்திலே உள்ளங்கையை வச்சு அழுத்து. கையிலே ஈரம் ஒட்டுச்சுன்னா அந்த விரிப்பு ஆகாது. ஒட்டலேன்னா நீயே அதிலே படுக்கலாம்."

இந்த உள்ளங்கைச் சோதனைக்கு மேற்பட்ட ஒன்றை நூல்களிலிருந்தும் நான் அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. குதிரை நின்றபடியே உறங்கும் பிராணி என்பது பாதி உண்மை. நின்றபடி அது கண்ணயரும். ஆழ்ந்த உறக்கத்தில் ஒரு வகைக்கு அது படுத்தே ஆகவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை அதற்குப் போதும். தரை ஈரமாகவோ வழுக்கலாகவோ கட்டு குறுகியதாகவோ இருந்து அச்சத்தால் படுக்காமலே இருக்கும் குதிரை, பல நாள் கழிந்த பின் நின்ற நிலையிலேயே முழங்கால் மடங்கிச் சரிந்து விழுவதுண்டு. அடுத்தது குளம்பு. குளம்பின் அடியில் நடுவே மெத்தென்ற முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. அரபிகள் அதனை 'நஸ்ர்' என்பர். கழுகுக்கும் அதே பெயர். சிறுநீரும் இலத்தியும் ஊறிய தரையில் நாட்கணக்கில் நின்றால் அப்பகுதி கறுத்து அழுகி நாற்றமெடுக்கும். குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ இலத்தி இடும்; ஆறேழு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். அந்தச் சிறுநீரிலிருந்து எழும் காரநெடி, தலையைத் தாழ்த்திப் படுக்கும் குதிரையின் மூச்சுக்குழலைத்தான் முதலில் தாக்கும். எனவே விரிப்புக்கு வேலைகள் பல: மெத்தென்று இருக்கவேண்டும், நீரை உறிஞ்சவோ வடிக்கவோ வேண்டும், தூசு எழும்பக் கூடாது, தின்றால் கேடு செய்யக் கூடாது.

விரிப்புத் தேர்வில் தவறினால் நேரும் விளைவுக்கு இக்காலத்திலும் ஒரு சான்றுண்டு. மேல்நாட்டு லாயங்களில் மரச்சீவல் பரப்புவது பெருவழக்கு. அமெரிக்காவில் வளரும் கறுப்பு வால்நட் மரத்தின் புதுச்சீவல் அதில் கலந்துவிட்டால், அதன்மேல் நின்ற குதிரைக்கு ஒருநாள் பொழுதுக்குள் குளம்பின் உட்சதை அழன்று, எலும்பையும் குளம்பையும் பிணைக்கும் பற்று நெகிழத் தொடங்கிவிடும். குதிரை அதனைத் தின்னவேண்டியதில்லை. மிதித்து நின்றாலே போதும்.

எல்லா நாட்டுக்கும் ஏற்ற ஒரே விரிப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகள் முன் வாழ்ந்த கிரேக்கத் தளபதி செனஃபன் தம் குதிரைநூலில் தரையை ஈரமில்லாமல் சரிவாக அமைக்கவும், குளம்பளவு கற்களை நெருங்கப் பதிக்கவும் சொன்னார். கற்களின்மேல் நிற்கும் குளம்பு உறுதிப்படும் என்பது அவர் கருத்து. இலாடம் அடிக்காத காலத்து அறிவு அது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரை ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தில் வழவழப்பான பலகை பரப்பி, சிறுநீரும் இலத்தியும் வெளியேற வழி அமைக்கவேண்டும் என்கிறது. ஜட்காக்கார மாமாவின் மழைக்கால ஏற்பாட்டை இதில் அப்படியே காண்கிறோம். அவர் கௌடில்யரைக் கேள்விப்பட்டவரும் அல்லர்.

அரபு நாட்டாரும் பார்ஸிகளும் துருக்கியரும் கண்ட வழி இவை எல்லாவற்றிலும் வியப்பானது. சுல்தான் சுலைமானின் அவையில் 1554 முதல் 1562வரை தூதராயிருந்த பூஸ்பெக் என்னும் ஐரோப்பியர் அதனைக் கண்டு எழுதி வைத்தார். குதிரையின் இலத்தியையே வெயிலில் காயவைத்து, நன்கு பொடித்து, அப்பொடியைப் பரப்பி அதன்மேல் குதிரையைப் படுக்க வைப்பது. பிற்காலப் பயணிகளும் அரபு நாட்டிலும் பார்ஸிலும் இதையே கண்டனர். கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். ஆயின் எண்ணிப் பாருங்கள். கடும் வெயிலில் முற்றக் காய்ந்த இலத்திப் பொடிக்கு நாற்றமில்லை. அது பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். குதிரை அதனைத் தின்னாது. நாள்தோறும் காசில்லாமல் கிடைக்கும். நனைந்ததை மறுநாள் வெயிலிலிட்டால் மீண்டும் விரிப்பாகும். வைக்கோலை அவர்கள் ஏன் பரப்பவில்லை என்றால், அந்நாடுகளில் அது 'திப்ன்' எனப்படும் தீனி. போரடிக்கும்போதே அதனைத் துண்டு துண்டாக்கி வைத்துக்கொண்டு வாற்கோதுமையோடு கலந்து ஊட்டுவர். புல்லுக்கே பஞ்சமான நாட்டில் உணவைக் காலடியில் பரப்ப எவருக்கு மனம் வரும்?

இவ்விடத்தில் ஓதியவர்கள் மனத்தில் ஒரு ஐயம் எழும். இலத்தி நஜீஸ் ஆயிற்றே? ஷாஃபியீ மத்ஹபில் எல்லாப் பிராணிகளின் கழிவும் நஜீஸ்தான். குதிரையின் இலத்தியை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கடுமையான நஜீஸில் சேர்த்தார்கள். அவர்களின் மாணவர் இருவரோ இலேசான நஜீஸில் சேர்த்தார்கள். ஹன்பலீகளிடம், உண்ண ஆகுமான பிராணியின் கழிவு சுத்தமானது. குதிரை அவர்களிடம் உண்ண ஆகுமானது. எந்த மத்ஹபைச் சேர்ந்த குதிரைக்காரனும் நாள்தோறும் மனத்தில் கொள்ளத்தக்க விதி ஒன்றும் உண்டு. காய்ந்த நஜீஸ் காய்ந்த பொருளைத் தொட்டால் அதனை அசுத்தமாக்குவதில்லை. ஃபிக்ஹ் நூல் எதனைத் தொழுகைக்காகச் சொல்லிற்றோ, அதனையே லாயம் குளம்புக்காகச் சொல்கிறது: கேடு விளைப்பது ஈரம்.

குதிரையின் முகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் துடைத்துவிட்ட செய்தி இமாம் மாலிக் அவர்களின் 'முவத்தா'வில் காணக்கிடைக்கின்றது. இறைவழிக்கென்று குதிரை வளர்ப்பவனுடைய மீஸான் தராசில், அதன் தீனியும் தண்ணீரும் மட்டுமன்றி, இலத்தியும் சிறுநீரும்கூட நன்மையாக வைத்து நிறுக்கப்படும் என்னும் கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் உண்டு. இலத்தியை அள்ளுவதைத் தாழ்ந்த வேலை என்று ஒதுக்கும் எண்ணத்துக்கு அதில் இடமில்லை. இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டுரையின் பிற்பகுதியில் அது விளங்கும்.

இனி அந்தக் குதிரையோடு கடலேறுவோம். ஹுர்முஸில் கயிற்றால் தைக்கப்பட்ட கப்பல்களை போலோ கண்டார். அவற்றுக்கு மேல்தளம் கிடையாது. சரக்கை ஏற்றி, அதன்மேல் தோல்களைப் போர்த்தி, அத்தோல்களின்மேல் இந்தியாவுக்கு விற்கக் கொண்டுசெல்லும் குதிரைகளை நிறுத்துவார்கள் என்கிறார். ளஃபார் துறையிலிருந்து இந்தியாவுக்கு நல்ல காற்றில் ஒருமாதப் பயணம் என்று இப்னு பதூதா எழுதினார். கோழிக்கோட்டிலிருந்து ளஃபாருக்கு அவர் 28 நாளில் சென்றார். பார்ஸ் வளைகுடாவின் உட்புறமுள்ள கைஸ் தீவிலிருந்து, குமரிமுனையைச் சுற்றிக் காயலுக்கு வர அதனினும் கூடுதலாகவே ஆகியிருக்கும். இத்தனை நாளும் ஆடும் கப்பலில், கடல்நீர் தெறித்து ஊறிய தோலின்மேல் நின்ற கால்கள் அவை. காய்ந்த இலத்திப் பொடியில் படுத்து வளர்ந்த குதிரை, உடல் மெலிந்து, குளம்பு ஊறி, உறக்கமின்றி நம் கரையில் இறங்கிற்று.

இறங்கிய இடத்தில் என்ன இருந்தது? பழைய காயல் இன்று கடலிலிருந்து விலகி நிற்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அவ்விடத்தைப் போலோவின் காயலோடு ஒன்றுபடுத்தினார். தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த நாடு அது. மணலுக்குக் குறைவில்லை. ஆற்று மணல், கடல் மணல், தெற்கே செந்நிறத் தேரி மணல். ஆற்றுக்கு மேல்புறம் நஞ்செய். ஆகவே நெல்வைக்கோலும் உமியும் உண்டு. எங்கும் பனை, ஆகவே ஓலை. இவற்றுள் எது அந்தக் குதிரைக்கு ஏற்றது? கடல் மணல் உப்பால் ஈரத்தை விடாது. ஆற்று மணல் நீரை விரைந்து வடிக்கும், காலுக்கும் இதம். ஆனால் தீனியைத் தரையில் கொட்டினால் மணலும் வயிற்றில் சேர்ந்து குடலை அடைக்கும். உமி நீரை அதிகம் உறிஞ்சாது. தூசு மூக்கில் ஏறும். நெல்வைக்கோல் மெத்தென்றது, ஐப்பசி கார்த்திகையில் இரண்டே நாளில் பூசணம் பிடிப்பது. அரபு நாட்டு முறைப்படி இலத்தியை உலர்த்திப் பரப்பியிருக்கலாமே என்றால், பங்குனி சித்திரையில் அது நடக்கும்; அடைமழையில் நடவாது. வெயில் உள்ள நாட்டின் விரிப்பு, வெயில் போனதும் சேறாகிவிடும்.

அப்படியிருக்க, நாற்பது நாள். ஒரு குதிரைக்கு நாற்பது நாளில் இலத்தி 600 கிலோவுக்குக் குறையாது. சிறுநீர் 240 லிட்டருக்குக் குறையாது. முளையில் பிணித்த குதிரை இரண்டடி விலகி உலர்ந்த இடம் தேட முடியாது. அது கழித்ததன் மேலேயே நிற்கவேண்டும். நனைந்ததை நாள்தோறும் அள்ளி உலர்ந்ததைப் போடுவார் இருந்தால் பிழைக்கும். இல்லையேல் குளம்பு அழுகும், உறக்கம் கெடும். அதற்குமேல் நெய்யும் பாலும் மிகுதானியமும். தானியம் மிகுந்து குதிரைக்கு வரும் செரியாமைக்கு அரபு அகராதிகள் 'ஹமர்' என்னும் தனிச்சொல்லையே தந்துள்ளன. அசையாமல் நிற்கும் குதிரைக்கு மிகுதானியத்தை ஊட்டினால் உட்சதை அழன்று குளம்பின் பற்று நெகிழும் என்பது இன்றைய கால்நடை மருத்துவர் அனைவரும் அறிந்தது. அவ்வாறு நொந்த கால்களை நாற்பத்தோராம் நாள் அவிழ்த்துவிட்டு, பேய்போல ஓட்டினால் அது என்ன செய்யும்? சோம்பி, தடுமாறி, ஒன்றுக்கும் உதவாமற் போயிற்று என்று வஸ்ஸாஃப் வருணிக்கும் குதிரை, குளம்பு நொந்த குதிரையாகவே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். கல்வெட்டுச் சான்று அன்று. ஆனால் வஸ்ஸாஃப் தரும் அடையாளங்களோடு இது பொருந்துகிறது.

இதனைக் கொண்டு தமிழர்க்குக் குதிரை வளர்க்கவே தெரியாது என்று தீர்ப்பளிப்பது தகாது. கடல்வழி வந்த குதிரைகளைப் 'பட்டினப்பாலை' பேசுகிறது. அது போலோவுக்கு ஆயிரம் ஆண்டு முற்பட்டது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிக் குதிரை மருத்துவம் பின்னாளில் பார்ஸியிலேயே பெயர்க்கப்பட்டது. மேலும், நல்ல லாயத்தில் நல்ல விரிப்பில் நின்ற குதிரையையும் கொல்லக்கூடிய நோய்கள் இந்நாட்டில் உண்டு. ஈ கடித்துப் பரவும் 'சுர்ரா' நோயின் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் என்னும் மருத்துவர் பஞ்சாபில் கண்டுபிடித்தது 1880இல்தான். அதற்கு முன் எவரும், அரபியாயினும் தமிழராயினும், அதன் காரணத்தை அறிந்திருக்க வழியில்லை. ஆந்தைக்கும் காக்கைக்கும் சர்க்கரை ஊட்டுவார் உண்டோ என்ற தோரணையில் ஷீராஸில் அமர்ந்துகொண்டு வஸ்ஸாஃப் எள்ளி நகையாடுவது, ஈரத்தையும் ஈயையும் காணாதவரின் நகைப்பு.

ஆனால் போலோ வேறொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரைகள் சாவதற்குக் காரணம், அங்கே குதிரை வைத்தியர்கள் இல்லாமை என்கிறார். ஏன் இல்லை? குதிரை கொண்டுவரும் வணிகர்கள் தம்மோடு வைத்தியர்களை அழைத்து வருவதில்லை, போக விரும்புகிறவர்களையும் போகவிடுவதில்லை. அரசரின் கையில் குதிரைகள் மடிவதே அவர்களுக்கு மகிழ்ச்சி என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். இந்தப் பகுதியை நம் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவார்கள். நானும் மேடையில் பேசியபோது கடந்து சென்றவன்தான். போலோ முஸ்லிம்களிடம் அன்பு கொண்டவர் அல்லர், ஆகவே பொறாமையால் எழுதினார் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாமல் தடுப்பது நம்மவரான வஸ்ஸாஃபின் எழுத்தே. பழைய குதிரைகள் கெட்டுப்போவதால் ஆண்டுதோறும் புதியன தேவைப்படுகின்றன, ஆகவே முஸ்லிம் நாட்டு வணிகர்கள் அவற்றைக் கொண்டுசெல்கிறார்கள் என்று அவரும் எழுதுகிறார். எழுதியவர் இருவர், நாடு இரண்டு, சமயம் இரண்டு. ஆதாயம் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

அந்த வணிகர்களிடம் அறிவு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. குதிரை வைத்தியத்துக்கு 'பைத்தரா' என்றும், குதிரை பராமரிப்புக்கு 'ஸர்தகா' என்றும் தனித்தனிப் பெயரிட்டு வளர்த்தவர்கள் அரபிகள். மிஸ்ரில் சுல்தான் நாஸிர் முஹம்மது பின் கலாவூனின் லாயத்துத் தலைமை வைத்தியர் அபூபக்ர் பின் பத்ர், இவ்விரு கலைகளையும் திரட்டி 'காமிலுஸ் ஸினாஅதைன்' என்னும் பெருநூலை எழுதினார். அந்தச் சுல்தான் மறைந்தது 1341இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் மதுரையில் மஅபர் சுல்தான்களின் ஆட்சி தோன்றியிருந்தது. அறிவு இருந்தது, அது குதிரையோடு கப்பலேறவில்லை. மீஸானில் இலத்தியும் நிறுக்கப்படும் என்று ஓதியவர்களின் மக்கள், ஈரத் தரையில் நின்று குளம்பழுகும் குதிரைக்கு எந்த விரிப்பு ஏற்றது என்பதை வாங்கியவனிடம் சொல்லாமல் இருந்தார்கள் என்றால், அதற்கு என்ன பெயரிடுவது? வாணிகத்தில் குறையை மறைத்து விற்பதை 'கிஷ்' என்று ஃபிக்ஹ் நூல் கண்டிக்கும். இங்கே பொருளில் குறையில்லை. மறைத்தது பொருளை வாழவைக்கும் வகையை. சட்டத்தில் இதற்கு இடுக்கு உண்டு. என் மனம் அந்த இடுக்கில் நுழைய மறுக்கிறது.

எல்லா வணிகரும் ஒருபடித்தானவர் என்று நான் சொல்லவில்லை. காயலில் குடியேறி, இம்மண்ணின் பெண்களை மணந்து, இங்கேயே அடங்கியவர்கள் தம் வீட்டுக் குதிரைக்கு ஆற்று மணலைப் பரப்பியிருப்பார்கள். பக்கத்து வீட்டாரும் பார்த்துக் கற்றிருப்பார்கள். ஜட்காக்கார மாமாவின் கைப்பழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. மேற்சொன்ன குற்றம், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பிய பெருவணிகத்தின்மேல் சார்வது.

அக்பரின் லாயங்களைப் பற்றி 'ஆயினே அக்பரீ' சொல்லும் செய்தி ஒன்றுண்டு. தேர்ந்த அரபு, பார்ஸிக் குதிரைகளை நாற்பது நாற்பதாக ஒவ்வொரு லாயத்தில் வைத்து, சாயீஸ், நால்பந்த், தண்ணீர் இறைப்பவன், தரை பெருக்கும் காக்ரோப், குதிரை வைத்தியராகிய பைத்தார் என்று பணியாளர் வரிசை ஒன்றையே அபுல் ஃபஸ்ல் எழுதி வைத்தார். அந்தக் கணக்கைக் கைஸ் தீவுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஜமாலுத்தீனின் 1,400 குதிரைகளுக்கு விலை 3,08,000 தீனார். நாற்பதுக்கு ஒரு பைத்தார் என்று அனுப்பியிருந்தால் 35 பேர் போதும். வஸ்ஸாஃப் தரும் ஒப்பந்தத்தில் குதிரையின் எண்ணிக்கை இருக்கிறது, விலை இருக்கிறது, கடலில் சாகும் குதிரைக்கு ஈடும் இருக்கிறது. அந்த 35 பேர் இல்லை.